ஹவாய் சிப்பாய்: ஹர்ஜிந்தர் சிங்கும் இந்திய விமானப்படையின் பணிமனை மரபும்

இந்திய விமானப்படையின் தோற்றத்தைப் பற்றி எழுதப்பட்ட நூல்களில் பெரும்பாலானவை, 1933 ஏப்ரல் 1 அன்று கராச்சிக்கு அருகிலுள்ள டிரிக் ரோடு விமானத்தளத்தில் நான்கு வாபிட்டி விமானங்களைக் கொண்டு முதலாவது ஸ்குவாட்ரன் அமைக்கப்பட்ட நிகழ்ச்சியிலிருந்து தொடங்குகின்றன. அந்தப் படைப்பிரிவில் சேர்ந்த விமானிகளின் பெயர்களும், இங்கிலாந்தின் கிரான்வெல் விமானப்படைக் கல்லூரியில் அவர்கள் பெற்ற பயிற்சியும், பின்னாளில் அவர்கள் எட்டிய பதவிகளும் அந்நூல்களில் விரிவாகவே பதிவாகியுள்ளன. அந்த விமானங்களை நாள்தோறும் பறக்கத் தகுதியாக்கி வைத்திருந்த 19 இந்தியச் சிப்பாய்களோ, பெரும்பாலும் பெயரின்றி ஓர் எண்ணிக்கையாக மட்டுமே இடம்பெறுகின்றனர். படைவரிசையின் கடைநிலையில் மெக்கானிக்காகத் தொடங்கி, ஏர் வைஸ் மார்ஷல் என்னும் உயர்பதவி வரை சென்ற ஹர்ஜிந்தர் சிங் அந்தத் தொடக்கக் காலச் சிப்பாய்களுள் ஒருவர். அவருடைய வாழ்க்கையைத் தொடர்ந்து பார்க்கும்போது, இந்திய விமானப்படை உருவான வரலாறு எந்த அளவுக்கு ஒரு பழுதுபார்ப்புப் பணிமனையின் வரலாறாக இருந்தது என்பது தெளிவாகிறது.

இந்தியர்களை விமானப் பணியில் சேர்ப்பது குறித்த பரிந்துரை, சர் ஆண்ட்ரூ ஸ்கீன் தலைமையில் 1925இல் அமைக்கப்பட்ட குழுவின் அறிக்கையில் இடம்பெற்றது. இங்கிலாந்தின் ராயல் ஏர் ஃபோர்ஸில் இந்தியர்களை அதிகாரிகளாகச் சேர்த்தால், பிரிட்டிஷ் வீரர்கள் இந்திய அதிகாரியின் கட்டளைக்குக் கீழ்ப்படிய நேரும் என்ற தயக்கம் ஆட்சியாளர்களிடம் இருந்தது. இந்தியர்களுக்கெனத் தனி விமானப்படை ஒன்றை ஏற்படுத்துவதே அதற்கு அவர்கள் கண்ட வழி. அதற்கான சட்டம் 1932 அக்டோபர் 8 அன்று நடைமுறைக்கு வந்தது. அந்த நாளே இன்றும் விமானப்படை நாளாகக் கொண்டாடப்படுகிறது. தனிப்படை என்று முடிவான பிறகு, அதன் விமானிகள் மட்டுமன்றி அதன் எஞ்சினைப் பிரிப்பவர்களும், இறக்கையைத் தைப்பவர்களும், துப்பாக்கியைச் சீர்செய்பவர்களும் இந்தியர்களாகவே இருக்க வேண்டியதாயிற்று. பிரிட்டிஷ் அதிகாரிகளில் பலர், இந்தியரால் விமானத்தை ஓட்ட முடியுமா என்பதைவிட, அதைப் பராமரிக்க முடியுமா என்பதிலேயே அதிக ஐயம் கொண்டிருந்தனர். ஆகவே டிரிக் ரோடில் நடந்த சோதனை, விமானிகளுக்கு வைக்கப்பட்டதைப் போலவே மெக்கானிக்குகளுக்கும் வைக்கப்பட்ட சோதனையாகும்.

இந்தத் தொழில்நுட்ப வீரர்களுக்கு வழங்கிய பதவிப்பெயர் ஹவாய் சிப்பாய் என்பதாகும். தரைப்படையின் சிப்பாய் வரிசையை அப்படியே விமானப்படைக்கு நீட்டி, வான்வழிச் சிப்பாய் என்ற பொருளில் அப்பெயர் இடப்பட்டது. அதே தளத்தில் அதே வேலையைச் செய்த பிரிட்டிஷ் வீரருக்குக் கிடைத்த சம்பளமும் தங்குமிடமும் மதிப்பும் ஹவாய் சிப்பாய்க்குக் கிடைக்கவில்லை. படைப்பிரிவின் முதல் தலைவர் பிளைட் லெப்டினன்ட் செசில் பௌச்சியர் என்னும் ஆங்கிலேயர். பணிமனையில் மேற்பார்வையிட்டவர்களும் ஆங்கிலேயர்களே. அரேபியப் பாலைவனப் போரினால் உலகப் புகழ்பெற்ற டி. இ. லாரன்ஸ், அந்தப் புகழிலிருந்து ஒதுங்கி, ஷா என்ற மாற்றுப்பெயரில் சாதாரண விமானப்படை வீரராக 1927 முதல் 1928 வரை இதே டிரிக் ரோடின் எஞ்சின் பழுதுபார்ப்புப் பிரிவில் வேலை பார்த்தார் என்பது இங்கு நினைக்கத்தக்கது. அவரைப் பொறுத்தவரை கடைநிலை வாழ்க்கை தாமே விரும்பித் தேர்ந்துகொண்ட ஒதுங்கிடம். சில ஆண்டுகள் கழித்து அங்கு வந்த இந்திய இளைஞர்களுக்கோ, கடைநிலை என்பது அவர்களுக்குத் திறந்துவிடப்பட்ட ஒரே வாசலாக இருந்தது.

ஹர்ஜிந்தர் சிங் 1909இல் பஞ்சாபில் பிறந்தவர். லாகூரின் மொகல்புராவில் இருந்த மக்லகன் பொறியியல் கல்லூரியில் பயின்றவர். வட இந்தியாவின் ரயில்வே பணிமனைகளுக்கும் பொதுப்பணித் துறைக்கும் பொறியாளர்களை அளித்துவந்த அக்கல்லூரியில் படித்து முடித்த ஓர் இளைஞருக்கு, அக்காலத்தில் மதிப்பான அரசுப் பதவி கிடைப்பது கடினமன்று. அத்தகைய வாய்ப்பை விட்டுவிட்டு, கையில் ஸ்பேனர் பிடிக்கும் சிப்பாயாக அவர் விமானப்படையில் சேர்ந்தார். படித்தவன் கையில் எண்ணெய்க்கறை படக் கூடாது என்று கருதிய சமூகத்தில், இம்முடிவு குடும்பத்தாருக்கும் நண்பர்களுக்கும் விளங்காத ஒன்றாகவே தோன்றியிருக்கும். நாடு விடுதலை பெறும்போது அதற்கென ஒரு விமானப்படை இருக்க வேண்டும், அதைத் தாங்கி நிற்கும் தொழில் இந்தியர் கையில் இருக்க வேண்டும் என்ற எண்ணமே அவரைச் செலுத்தியது. அவருடைய நினைவுக்குறிப்புகளைத் தொகுத்து ஏர் கமடோர் ஏ. எல். சைகல் பதிப்பித்த நூல் 1977இல் வெளிவந்தது. விமானப்படையின் பிறப்பு என்று பொருள்படும் தலைப்பைக் கொண்ட அந்நூல், ஒரு படையின் தொடக்கத்தைப் பணிமனையிலிருந்து பார்த்துச் சொல்லும் அரிய பதிவுகளுள் ஒன்று.

அவர் கற்ற தொழில் எத்தகையது என்பதை அறிய, வாபிட்டி விமானத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் வெஸ்ட்லாண்ட் நிறுவனம் தயாரித்த இந்த இரட்டையடுக்கு இறக்கை விமானம், முதல் உலகப்போர்க் காலத்து டி.எச்.9ஏ விமானத்தின் பாகங்களை இயன்றவரை பயன்படுத்திக்கொள்ளும் நோக்குடன் வடிவமைக்கப்பட்டது. அதாவது, இந்தியப் படைக்கு அது வந்து சேர்ந்த காலத்திலேயே பழைய பாணி விமானமாகிவிட்டிருந்தது. விமானி ஒருவரும் அவருக்குப் பின்னால் துப்பாக்கி வீரர் ஒருவரும் திறந்த இருக்கைகளில் அமர்ந்து செல்வர். முன்புறம் பொருத்தப்பட்ட பிரிஸ்டல் ஜூபிடர் எஞ்சினில் ஒன்பது சிலிண்டர்கள் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல நடுத்தண்டைச் சுற்றி அமைந்திருக்கும். நீரின்றிக் காற்றினாலேயே அவை குளிர்விக்கப்படும். உடற்சட்டத்தின் மேலும் இறக்கைகளின் மேலும் துணி போர்த்தி, அதன்மீது டோப் எனப்படும் செல்லுலோஸ் கலந்த குழம்பைப் பலமுறை பூசுவார்கள். காயக் காயத் துணியை முரசுத்தோல் அளவுக்கு இறுக்கி, காற்றும் நீரும் புகாதபடி செய்வது அந்தக் குழம்பின் வேலை. பாலை வெயிலில் டோப் வெடித்தாலோ, தரையிறங்கும்போது கல் தெறித்துத் துணி கிழிந்தாலோ, கிழிசலைத் தைத்து, ஒட்டுத்துணி வைத்து, மீண்டும் பூசி உலர வைப்பார்கள்.

இந்த வேலையைச் செய்தவர்கள் முதன்மையாக இருவகையினர். எஞ்சினைக் கவனித்தவர் ஃபிட்டர். இறக்கை, உடற்சட்டம், கட்டுப்பாட்டுக் கம்பிகள் ஆகியவற்றைக் கவனித்தவர் ரிக்கர். இரட்டையடுக்கு இறக்கைகளை ஒன்றோடொன்று பிணைக்கும் எஃகுக் கம்பிகளின் இறுக்கம் ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறைந்தால், விமானம் பறக்கும்போது ஒருபுறம் சாய்ந்துகொண்டே செல்லும். ஆகவே கம்பியின் இடையிலுள்ள டர்ன்பக்கிள் என்னும் திருகு இணைப்பைத் திருகி, இறக்கையின் கோணத்தை அளந்து சரிசெய்வது ரிக்கரின் கைத்தேர்ச்சியைப் பொறுத்தது. எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டரிலும் எரிபொருளைப் பற்றவைக்க இரண்டு தீப்பொறிச் செருகிகள் இருக்கும். அவற்றுக்கு மின்சாரம் தரும் மாக்னெட்டோக்களும் இரண்டு. புறப்படுமுன் ஒன்றை நிறுத்தி மற்றொன்றில் எஞ்சினை ஓடவிட்டு, சுழற்சி வேகம் எவ்வளவு குறைகிறது என்று பார்த்தே ஃபிட்டர் அதன் நலத்தைக் கணிப்பார். அதிர்வில் கழன்றுவிடாதபடி முக்கியமான நட்டுகளில் துளையிட்டு, மெல்லிய கம்பியைக் கோத்து முறுக்கிக் கட்டுவதும் அன்றாடப் பணி. அந்தக் கம்பியை எந்தப் பக்கமாக முறுக்குவது என்பதற்குக்கூட விதி உண்டு. நட்டு தளர முற்படும்போது கம்பி அதை இறுக்கும் திசையில் இழுக்க வேண்டும்.

இவையெல்லாம் முடிந்தபின், ஃபார்ம் 700 எனப்படும் பராமரிப்புப் பதிவேட்டில் வேலையைச் செய்தவர் கையெழுத்திடுவார். அதைப் பார்த்து விமானியும் கையெழுத்திட்ட பின்னரே விமானம் ஓடுதளத்துக்குச் செல்லும். படைப்பிரிவு ஒன்றில் பதவி வேறுபாடுகள் எவ்வளவு கடுமையாக இருந்தாலும், இந்தத் தாளில் மட்டும் கடைநிலை ஃபிட்டரின் பெயரும் அதிகாரியின் பெயரும் அடுத்தடுத்து நின்றன. விமானத்தில் குறை இருக்கிறது என்று ஃபிட்டர் எழுதிவிட்டால், அதை மீறி அதிகாரி பறப்பது எளிதன்று. பராமரிப்புத் தொழிலின் கண்ணியம் அடங்கியிருக்கும் இடம் இதுவே. பிற்காலத்தில் தொழில்நுட்பக் கிளைக்குச் சம அதிகாரம் வேண்டுமென்று ஹர்ஜிந்தர் சிங் இடைவிடாது வற்புறுத்தியதன் வேரையும் இங்கேயே காணலாம்.

படைப்பிரிவின் வளர்ச்சி மிக மெதுவாகவே நடந்தது. 1936இல் வடமேற்கு எல்லைப்புறத்திலுள்ள பெஷாவருக்கு அனுப்பப்பட்ட அதன் விமானங்கள், வஜீரிஸ்தானின் மீரான்ஷா தளத்திலிருந்து தரைப்படைக்கு உதவியாகப் பறந்தன. மலைக் கணவாய்களில் எஞ்சின் நின்றுபோனால், இறங்குவதற்குச் சமவெளியும் இல்லை; இறங்கிவிட்டாலும் பழங்குடியினரிடம் சிக்கும் அபாயம் உண்டு. பின் இருக்கையில் துப்பாக்கி வீரராகப் பலமுறை பறந்தவர்களும் இதே ஹவாய் சிப்பாய்களே என்பதால், காலையில் தாம் பூட்டிய நட்டின் உறுதியை அன்று பகலில் தம் உயிரைக் கொண்டே சோதிக்க வேண்டிய நிலையில் அவர்கள் இருந்தனர். சுப்ரதோ முகர்ஜி போன்ற இளம் விமானிகளும் இந்தச் சிப்பாய்களும் ஒருவரையொருவர் நன்கறிந்த சிறுகுழுவாக ஆனது இந்த எல்லைப்புற ஆண்டுகளில்தான். 1938 ஜூனில் மூன்றாவது பிளைட்டும் சேர்ந்து, பெயரளவிலேனும் அது முழு ஸ்குவாட்ரன் ஆயிற்று. இரண்டாம் உலகப்போர் தொடங்கியபோது இந்திய விமானப்படையின் மொத்த வலிமை அந்த ஒரு ஸ்குவாட்ரனும், 16 அதிகாரிகளும், 144 வீரர்களும் மட்டுமே.

போர் மூண்டதும் கடற்கரையைக் காக்கத் தன்னார்வப் படையினரைக் கொண்டு கடலோரக் காவல் பிளைட்டுகள் அமைக்கப்பட்டன. அவற்றுள் முதலாவது சென்னையில், பரங்கிமலை விமானத்தளத்தில் வாபிட்டி விமானங்களுடன் செயல்பட்டது. எல்லைப்புற மலைகளில் பறந்த அதே வகைப் பழைய விமானங்கள், வங்கக் கடலின்மேல் கப்பல்களுக்குக் காவலாகப் பறந்தன. உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் உலோகத்தையும் ஈரத்தில் தளரும் துணியையும் காப்பது அங்கிருந்த மெக்கானிக்குகளுக்கு வேறுவிதமான சோதனையாயிற்று. பின்னர் 1942 டிசம்பரில் ஆறாவது ஸ்குவாட்ரன் திருச்சிராப்பள்ளியில், ஹரிக்கேன் விமானங்களைக் கொண்டு, மெஹர் சிங் தலைமையில் உருவானது. தமிழகத்து ஊர்கள் விமானப்படையின் வரலாற்றில் நுழைந்தது இவ்வாறே.

ஹர்ஜிந்தர் சிங்கின் பெயர் படை முழுவதும் பரவியது பர்மாவில். 1941இல் பம்பாய் மக்கள் திரட்டிய போர் நன்கொடை நிதியைக் கொண்டு முதலாவது ஸ்குவாட்ரனுக்கு 12 லைசாண்டர் விமானங்கள் வாங்கித் தரப்பட்டன. விமானியின் தலைக்கு மேலே இறக்கை அமைந்த லைசாண்டர், எதிரியின் நடமாட்டத்தைப் பார்த்துவந்து தரைப்படைக்குச் சொல்வதற்காக உருவாக்கப்பட்டது. குறுகிய ஓடுதளத்திலும் மெதுவாக இறங்க வல்லது. ஆனால் வேகம் குறைந்தது, போர்விமானத்துக்கு எளிதில் இரையாவது. அதன் பெர்சியஸ் எஞ்சினும் புதுவகை. வழக்கமான வால்வுகளுக்குப் பதிலாக, சிலிண்டருக்குள்ளேயே ஓர் உறை மேலும் கீழுமாக அசைந்து, காற்று புகும் வழியையும் புகை வெளியேறும் வழியையும் திறந்து மூடும். வாபிட்டியில் பழகிய கைகள் இதைப் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. அப்போது ஹர்ஜிந்தர் சிங் வாரண்ட் ஆபீசர் பதவிக்கு உயர்ந்திருந்தார். அதாவது, அதிகாரி வரிசைக்குக் கீழே, சிப்பாய் ஒருவர் எட்டக்கூடிய மிக உயர்ந்த படியில் இருந்தார்.

1942 பிப்ரவரி தொடக்கத்தில், கே. கே. மஜும்தாரின் தலைமையில் ஸ்குவாட்ரன் பர்மாவின் டௌங்கூ தளத்துக்குச் சென்று சேர்ந்த உடனேயே ஜப்பானிய விமானங்கள் அத்தளத்தின்மீது குண்டு வீசின. உளவு பார்க்க வந்த லைசாண்டரைக் குண்டுவீச்சு விமானமாக மாற்றித் திருப்பித் தாக்குவதென்று மஜும்தார் முடிவு செய்தார். சிறு குண்டுகளுக்கெனவே அமைந்திருந்த அந்த விமானத்தில், ஏறத்தாழ 113 கிலோ எடைகொண்ட 250 பவுண்டு குண்டுகள் இரண்டைச் சுமப்பதற்கான பொருத்திகளை ஹர்ஜிந்தர் சிங்கும் அவருடைய வீரர்களும் அங்கேயே செய்து மாட்டினர். வடிவமைத்த நிறுவனத்தின் வரைபடத்தில் இல்லாத ஒன்றைப் போர்முனையில் செய்து பொருத்துவது எளிய காரியமன்று. எடை எந்த இடத்தில் விழுகிறது, தரையிலிருந்து எழும்போது விமானத்தின் மூக்கு எவ்வளவு தாழும், வானில் விசையை இழுத்ததும் இரு குண்டுகளும் ஒருங்கே விடுபடுமா என்ற கணக்குகளில் ஒன்று தவறினாலும் விமானியின் உயிர் போகும். அந்தப் பொருத்தியை நம்பி மஜும்தார் தனியொரு லைசாண்டரில் புறப்பட்டு, தாய்லாந்து எல்லைக்குள் மே ஹாங் சோன் என்ற இடத்தில் இருந்த ஜப்பானியத் தளத்தின்மீது குண்டு வீசித் திரும்பினார். துணைக்குப் பறந்தவை பஃபலோ ரகப் போர்விமானங்கள் இரண்டு மட்டுமே. மறுநாள் படைப்பிரிவின் மற்ற லைசாண்டர்களும் அதே வழியில் சென்றன. மஜும்தாருக்கு டி.எஃப்.சி. என்னும் வீரப்பதக்கம் கிடைத்தது. ஹர்ஜிந்தர் சிங்குக்கு எம்.பி.ஈ. என்னும் விருது வழங்கப்பட்டது. விமானியின் துணிவும் மெக்கானிக்கின் கணக்கும் ஒரே வரியில் எழுதப்பட வேண்டியவை என்பதற்கு இதைவிடத் தெளிவான நிகழ்ச்சி அப்படையின் வரலாற்றில் இல்லை.

பர்மாவிலிருந்து திரும்பிய அதே ஆண்டில் அவர் தொழில்நுட்ப அதிகாரியாக உயர்த்தப்பட்டார். சிப்பாய்நிலையிலிருந்து அந்தக் கிளையின் அதிகாரிநிலைக்குச் சென்றவர்களில் அவர் முன்னோடி. போர் முடியும் தறுவாயில் படையின் ஆள்பலம் 28,500 ஆக, அவர்களுள் அதிகாரிகள் 1,600 பேராக உயர்ந்திருந்ததை, 1939இன் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் தொழில்நுட்பப் பயிற்சியின் சுமை எவ்வளவு பெருகியிருக்கும் என்பது புரியும். கற்பிக்க வேண்டியவர்களும் பழைய ஹவாய் சிப்பாய்களே. இந்த வளர்ச்சிக்கு ஈடாகச் சம்பளமும் நடத்தையும் மாறவில்லை. 1946 ஜனவரியில், போர் முடிந்தும் ஊர் திரும்ப இயலாத பிரிட்டிஷ் விமானப்படை வீரர்கள் டிரிக் ரோடில் வேலைநிறுத்தம் செய்தனர்; அடுத்த மாதம் பம்பாயில் கடற்படை வீரர்கள் கிளர்ந்தெழுந்தபோது, பல தளங்களில் இந்திய விமானப்படை வீரர்களும் வேலையை நிறுத்தினர். ஃபார்ம் 700இல் கையெழுத்திடும் கைகள் ஓய்ந்தால் எந்த விமானமும் எழும்பாது என்பது அப்போது ஆட்சியாளர்களுக்கு விளங்கியது.

1947இல் நாட்டோடு படையும் பிரிக்கப்பட்டது. விமானங்களின் எண்ணிக்கையில் இந்தியாவுக்குப் பெரும்பங்கு கிடைத்தது. ஆனால் நிலையான பணிமனைகளும் பயிற்சி நிலையங்களும் பல பாகிஸ்தான் பக்கம் சென்றன. இந்தியர்கள் விமானத் தொழிலைக் கற்ற டிரிக் ரோடே இன்று பைசல் தளம் என்ற பெயரில் பாகிஸ்தான் விமானப்படையிடம் இருக்கிறது. அந்த நிலையிலேயே, அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகருக்குத் துருப்புகளை ஏற்றிச் செல்லும் பணி தொடங்கியது. டக்கோட்டா விமானங்கள் நாள் முழுதும் ஓயாமல் பறந்தன. இரவில் அவற்றைச் சீராக்கி, மறுநாள் காலைக்குத் தயார் செய்தவர்கள், பிரிவினையால் தம் ஊர்களையும் உடன்பணியாற்றிய நண்பர்களையும் இழந்திருந்த மெக்கானிக்குகள்.

இந்தக் காலத்தின் மிக வியப்பான வேலை கான்பூரில் தொடங்கியது. போரின்போது அமெரிக்கா கடனாகத் தந்த லிபரேட்டர் என்னும் நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானங்களை, போர் முடிந்ததும் யாரும் பயன்படுத்த முடியாதபடி சிதைத்துவிட்டு, பிரிட்டிஷார் கான்பூரின் சகேரி தளத்தில் கைவிட்டுச் சென்றிருந்தனர். உடற்பகுதிகள் நசுக்கப்பட்டிருந்தன, எஞ்சின்களில் மணல் கொட்டப்பட்டிருந்தது. இந்தக் குவியலிலிருந்து தேறக்கூடியவற்றைத் தேர்ந்து, ஒன்றின் இறக்கையை மற்றொன்றின் உடலோடு சேர்த்து, பறக்கும் அளவுக்கு ஒட்டுப்போட்டு, பெங்களூரில் முழுமையாகச் சீரமைக்கும் பொறுப்பை ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனம் ஏற்றது. அப்படி அரைகுறையாக ஒட்டிய விமானங்களை, அந்நிறுவனத்தின் சோதனை விமானி ஜம்ஷெட் முன்ஷி கான்பூரிலிருந்து பெங்களூருக்கு ஓட்டிச் சென்றார். 1948 நவம்பரில் முதல் ஆறு விமானங்களைக் கொண்டு ஐந்தாவது ஸ்குவாட்ரன் உருவாயிற்று. ஏறத்தாழ 40 லிபரேட்டர்கள் இவ்வாறு உயிர்பெற்று, 1968 வரை பணியில் இருந்தன. உலகில் கடைசிவரை லிபரேட்டரைப் பறக்கவிட்ட படை இந்திய விமானப்படையே. இன்று இங்கிலாந்து, கனடா, அமெரிக்கா ஆகிய நாடுகளின் அருங்காட்சியகங்களில் நிற்கும் லிபரேட்டர்களில் சில, இந்தியத் தொழிலாளர்கள் மீட்டெடுத்தவை.

இதே கான்பூர்தான் ஹர்ஜிந்தர் சிங்கின் பிற்கால வாழ்க்கையின் களம். அங்கிருந்த பேஸ் ரிப்பேர் டெப்போ, அதாவது ஸ்குவாட்ரன்களால் செய்ய இயலாத பெரும் பழுதுகளை நீக்கி, எஞ்சின்களை முற்றிலும் பிரித்துப் புதுப்பிக்கும் மையப் பணிமனை, அவருடைய தலைமையில் பேரளவில் வளர்ந்தது. 1955இல் கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு பராமரிப்புக்கென ஒரு தனிக் கட்டளையகம் அமைக்கப்பட்டு, அதன் பொறுப்பும் அவரிடம் வந்தது. இன்று நாகபுரியிலிருந்து இயங்கும் பராமரிப்புக் கட்டளையகம் அதன் தொடர்ச்சியே. உதிரிபாகத்துக்காக இங்கிலாந்துக்குக் கடிதம் எழுதிக் காத்திருப்பதைவிட, இருக்கும் கடைசல் எந்திரத்தில் அதைச் செய்துபார்ப்பதே முறை என்பது அவருடைய பணிமனையின் வழக்கமாயிற்று. நடுவயதில் அவர் விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார். 1950களின் பிற்பகுதியில், நான்கு பேர் அமரக்கூடிய, ஒற்றை எஞ்சின் கொண்ட சிறு விமானம் ஒன்றை அந்தப் பழுதுபார்ப்பு மையமே வடிவமைத்துக் கட்டியது; ஊரின் பெயரால் அதற்குக் கான்பூர்-1 என்று பெயரிட்டார்கள். அது பெருமளவில் தயாரிக்கப்படவில்லை. எனினும், பழுதுநீக்கப் பழகிய கைகளால் புதிதாகவும் ஒன்றை ஆக்க முடியும் என்பதை அந்தப் பணிமனைக்கு அது மெய்ப்பித்தது.

அதைவிடப் பெரிய முயற்சி ஆவ்ரோ 748. முதுமையடைந்த டக்கோட்டாக்களுக்கு மாற்றாக, இரு டர்போபிராப் எஞ்சின்களைக் கொண்ட அந்தப் பிரிட்டிஷ் போக்குவரத்து விமானத்தை உரிமம் பெற்று இந்தியாவில் தயாரிப்பதென 1959இல் அரசு முடிவு செய்தது. டர்போபிராப் என்பது, ஜெட் எஞ்சினின் சுழலியைக் கொண்டு முன்புற விசிறியைச் சுழற்றும் அமைப்பு. பாதுகாப்பு அமைச்சர் வி. கே. கிருஷ்ண மேனனின் ஆதரவோடு, அந்தப் பொறுப்பு பெங்களூரின் நிறுவப்பட்ட தொழிற்சாலைக்குச் செல்லாமல், விமானப்படையே நடத்திய கான்பூர்ப் பணிமனைக்கு வந்தது. பழைய கொட்டகைகளில் தொடங்கிய அந்தத் தயாரிப்பு மையத்திலிருந்து முதல் விமானம் 1961 நவம்பர் 1 அன்று பறந்தது. அதே ரகத்தின் முதல் விமானம் இங்கிலாந்தில் பறந்து அப்போது பதினாறு மாதங்களே ஆகியிருந்தன. முந்தைய ஆண்டு டோக்கியோவில் எதிர்பாராமல் இறந்துபோன முதல் இந்தியத் தளபதி சுப்ரதோ முகர்ஜியின் நினைவாக அதற்குச் சுப்ரதோ என்று பெயரிடப்பட்டது. எல்லைப்புறத்தில் ஒன்றாகப் பணிசெய்த ஒரு விமானிக்கு ஒரு மெக்கானிக் செலுத்திய அஞ்சலி அது.

இந்தத் திட்டத்தைப் பற்றிய கண்டனங்களும் நியாயமானவையே. தொடக்கத்தில் பறந்த விமானங்களின் பாகங்களில் பெரும்பகுதி பிரிட்டனிலிருந்து வந்தவை; அவற்றை இங்கே இணைத்ததை உள்நாட்டுத் தயாரிப்பு என்று சொல்வது மிகை என்ற வாதத்தில் உண்மை உண்டு. டக்கோட்டா செய்த எல்லா வேலைகளையும், குறிப்பாக மலைப்பகுதியின் சிறு தளங்களில் அது செய்த வேலைகளை, ஆவ்ரோவினால் செய்ய முடியவில்லை. ஆயினும், 1964இல் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்ட அந்தக் கான்பூர் மையம், விமானப்படைக்கும் இந்தியன் ஏர்லைன்ஸ் நிறுவனத்துக்குமாக மொத்தம் 89 ஆவ்ரோக்களைத் தயாரித்தது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக அவை பறந்த பிறகே, அவற்றுக்கு மாற்றாக 56 சி-295 விமானங்களை வாங்க 2021இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒரு திட்டத்தின் தகுதியை அதன் முதல் விமானத்தில் எத்தனை உள்நாட்டுப் பாகங்கள் இருந்தன என்பதைக் கொண்டு மட்டுமே அளப்பது சரியாகாது. அந்தக் கொட்டகைகளில் பயின்றவர்கள் பிறகு எங்கெங்கே சென்று என்னென்ன செய்தார்கள் என்பதையும் சேர்த்தே அளக்க வேண்டும்.

ஹர்ஜிந்தர் சிங் 1960களின் முற்பகுதியில் ஓய்வுபெற்று, 1971இல் மறைந்தார். அவர் ஏறிவந்த பாதை விதிவிலக்கானது என்பதையும் மறுக்க இயலாது. பொறியியல் கல்லூரிப் படிப்பும், மஜும்தார், முகர்ஜி போன்றோரின் நம்பிக்கையும், போர்க்காலம் திறந்துவிட்ட பதவிகளும் அவருக்குத் துணைநின்றன. அவருடன் டிரிக் ரோடில் டோப் பூசிய மற்றச் சிப்பாய்களில் பெரும்பாலோர் குறிப்பேடுகளில் எண்களாகவே நின்றுவிட்டனர். இன்று தாம்பரம் விமானப்படைத் தளத்தில் விமானிகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கான பள்ளியோடு, மெக்கானிக்குகளுக்கான பயிற்சி நிலையமும் பணிமனைத் தொழில்களுக்கான பயிற்சி நிலையமும் இயங்குகின்றன. சூலூரில் ஐந்தாவது பேஸ் ரிப்பேர் டெப்போ இருக்கிறது. இந்த நிலையங்களில் பயின்றும் பணியாற்றியும் ஓய்வுபெற்ற ஏர்மேன்கள் தமிழகத்தின் மாவட்டங்கள்தோறும் வாழ்கின்றனர். ஏர்மேன் என்பது அதிகாரி அல்லாத விமானப்படை வீரரைக் குறிக்கும் இன்றைய பெயர். பழைய ஹவாய் சிப்பாயின் இடத்தில் இருப்பவர் அவரே. அவர்கள் எந்த விமானத்தில் எந்தப் பழுதை எப்படி நீக்கினார்கள் என்பதைத் தமிழில் எழுதிவைத்த நூல்கள் மிகச் சிலவே. அவர்களுடைய குடும்பத்தாரும், வரலாற்றுத் துறை மாணவர்களும், உள்ளூர் இதழ்களும் அந்த நினைவுகளைக் கேட்டுப் பதிவுசெய்யும் வேலையை, அவர்கள் நம்மிடையே இருக்கும்போதே தொடங்க வேண்டும்.